இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 1,428 கிலோமீட்டரா?

மே 11, மாலை

வேர்ல்டில் என்பது நாட்டை ஊகிக்கும் இணைய விளையாட்டு. தப்பாக ஊகித்தால், விடை அங்கிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, எத்தனை சதவீதம் நெருக்கம் என்று காட்டும். அதைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"தினமும் வேர்ல்டில் ஆடுகிறேன். நாட்டின் படத்தை மறைத்து வைத்து, தூரத்தையும் அம்பையும் மட்டும் பார்த்து ஆடுவேன். நேற்று முதல் ஊகம் இந்தியா. தெற்கு நோக்கி அம்பு, 1,428 கி.மீ., 92 சதவீதம் என்று வந்தது. தெற்கே 1,428 கிலோமீட்டர் போனால் நடுக்கடல்தானே என்று மாலத்தீவு போட்டேன். இல்லை. கடைசியில் விடை இலங்கை! தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்த விளையாட்டுக்குக் கணக்கே தெரியாதா?"

மே 11, இரவு 10 மணி

விளையாட்டு சரியாகத்தான் சொல்கிறது. நாம் நினைக்கும் தூரம் வேறு, அது அளக்கும் தூரம் வேறு. தனுஷ்கோடி, தலைமன்னார் என்று கரைக்குக் கரை அது பார்ப்பதில்லை. தலைநகரிலிருந்து தலைநகருக்கு அளக்கிறது. தில்லி எங்கே, கொழும்பு எங்கே. அதனால்தான் எண் பெரிதாக வருகிறது.

மே 12, காலை

நேற்று இரவு எழுதியது தப்பு. தில்லியிலிருந்து கொழும்பு 2,400 கிலோமீட்டருக்கு மேல். தலைநகர்க் கணக்கு என்றால் 1,428 வரவே வராது. ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

அது அளப்பது நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி. நாடு எவ்வளவு பெரிதானாலும் விளையாட்டுக்கு அது அந்த ஒற்றைப் புள்ளிதான். பொதுவாகப் புழங்கும் பட்டியலில் இந்தியாவின் புள்ளி வடக்கு 20.6 பாகை, கிழக்கு 79 பாகை. மகாராஷ்டிரத்தில் வர்தா பக்கம். இலங்கையின் புள்ளி வடக்கு 7.9, கிழக்கு 80.8. தம்புள்ளைக்குப் பக்கத்தில்.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வடக்கு தெற்காக 12.7 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 1,410. கிழக்கு மேற்காக 1.8 பாகை. இந்த அட்சரேகையில் ஒரு பாகை கிட்டத்தட்ட 108 கிலோமீட்டர் என்பதால் 194. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,423. மீதி 5 கிலோமீட்டர், நான் தசமங்களைச் சுருக்கியதில் போனது.

சதவீதம் இன்னும் எளிது. பூமியில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம் அதிகபட்சம் 20,000 கிலோமீட்டர்தான் தள்ளி இருக்க முடியும். அதற்குமேல் போனால் மறுபக்கமாகத் திரும்பி வருகிறோம் என்று அர்த்தம். எனவே 20,000 என்றால் பூஜ்யம், விடையிலேயே நின்றால் நூறு. ஒவ்வொரு சதவீதமும் 200 கிலோமீட்டர். 1,428 கிலோமீட்டர் என்றால் 92 சதவீதமும் கொஞ்சமும். கொஞ்சத்தை அது வெட்டிவிடுகிறது.

இந்த 20,000 இவ்வளவு முழு எண்ணாக இருப்பது தற்செயல் இல்லை. 1790-களில் பிரான்சில் மீட்டர் என்ற அளவை உண்டாக்கியபோது, வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தைக் கோடி பங்காக்கி அதில் ஒரு பங்கைத்தான் மீட்டர் என்றார்கள். கால் சுற்று 10,000 கிலோமீட்டர், அரைச் சுற்று 20,000. வேர்ல்டிலை உருவாக்கியவரும் பிரான்சுக்காரர்தான்.

மே 12, சற்று கழித்து

புதிதாக வருபவர்களுக்காக. வேர்டில் வேறு, வேர்ல்டில் வேறு. வேர்டில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் விளையாட்டு. ஜாஷ் வார்டில் உருவாக்கியது, 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அதே ஜனவரியில் அதைப் பார்த்து வந்தது வேர்ல்டில். ஒரு நாட்டின் அல்லது தீவின் நிழலுருவைக் காட்டும், ஆறு முறை ஊகிக்கலாம், ஒரு நாளைக்கு ஒரு புதிர்தான். கண்டுபிடித்த பிறகு அண்டை நாடுகள், தலைநகர், கொடி என்று கூடுதல் சுற்றுகள் உண்டு. தெருப் படங்களைக் காட்டி ஊகிக்கச் சொல்லும் இன்னொரு விளையாட்டும் இதே பெயரில் வந்தது. 2024-ல் பெயர் விஷயமாக நியூயார்க் டைம்ஸ் எதிர்ப்பு தெரிவித்தது அந்த இன்னொன்றுக்கு. இங்கே பேசுவது நிழலுரு விளையாட்டைப் பற்றி.

மே 14

அதே வாசகர்: "சரி, நடுப்புள்ளி என்று புரிந்தது. ஆனால் எல்லையிலிருந்து எல்லைக்கு அளந்தால்தானே நியாயம்? பக்கத்து வீட்டுக்காரரை யாராவது கூடத்திலிருந்து கூடத்துக்கு அளப்பார்களா?"

எனக்கும் அப்படித்தான் படுகிறது. பக்கத்து நாடு என்றால் பக்கத்து நாடு. நார்வேயும் ரஷ்யாவும் எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நார்வே போட்டு விடை ரஷ்யாவாக இருந்தால் 4,700 கிலோமீட்டர், 76 சதவீதம் என்று காட்டும். ரஷ்யாவின் நடுப்புள்ளி சைபீரியாவுக்குள் இருப்பதுதான் காரணம். கடல் தாண்டி இருக்கும் இலங்கை நமக்கு 92, எல்லை தொட்ட ரஷ்யா நார்வேக்கு 76. இது உறுத்தத்தான் செய்கிறது.

மே 16

இரண்டு நாளாக யோசித்து மனம் மாறிவிட்டது. எல்லைக் கணக்கு வந்தால் விளையாட்டே படுத்துவிடும்.

சீனாவுக்கு 14 அண்டை நாடுகள். ஒருவர் முதலில் சீனா போடுகிறார், விடை அந்த 14-ல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எல்லைக் கணக்கில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான் வரும். நேபாளமா, லாவோஸா, வடகொரியாவா என்று எண் எதுவுமே சொல்லாது. நடுப்புள்ளிக் கணக்கில் 14 நாட்டுக்கும் வேறு வேறு எண் வரும். எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். தப்பு என்று நாம் முறையிட்ட அந்த எண்தான் நமக்கு வழிகாட்டுகிறது. அதைத் திட்டக்கூடாது, அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மே 14-ல் எழுதியதை நீக்கவில்லை. எப்படி மாறினேன் என்று தெரியட்டும்.

மே 19

அம்பு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதில் உண்மையாகவே ஒரு சிக்கல் இருக்கிறது.

தூரத்தை அது உருண்டைமேல் அளக்கிறது. அம்பையோ தட்டை வரைபடத்தில் கோடு போட்ட மாதிரி காட்டுகிறது. கடலில் திசைகாட்டி முள்ளை ஒரே பக்கம் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டினால் எந்தத் திசையோ, அந்தத் திசை. இரண்டும் ஒரே பாதை இல்லை.

மறுபடியும் நார்வே, ரஷ்யா. அம்பு கிழக்கு என்று காட்டும். ஆனால் 4,700 கிலோமீட்டர் என்பது கிழக்கே போகும் வழியின் நீளம் இல்லை. வடக்கே ஏறி, ஆர்க்டிக் வழியாகக் குறுக்கே வெட்டிப் போகும் வழியின் நீளம். அந்த அட்சரேகையிலேயே நேர் கிழக்காகப் போனால் 5,200-க்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து அமெரிக்கா போகும் விமானம் ஏன் வடக்கே அவ்வளவு வளைந்து போகிறது என்று கேட்போமே, அதே சங்கதி. நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்த வித்தியாசம் தெரியாது. வடக்கே போகப் போகப் பெரிதாகும். கனடா, ரஷ்யா, நார்வே, கிரீன்லாந்து இவற்றில் அம்பை நம்பி நேர்கோடு போடாதீர்கள்.

அம்பு எட்டுத் திசையில்தான் காட்டும் என்பதையும் மறக்கக்கூடாது. கிழக்கு என்றால் நேர் கிழக்கு என்று இல்லை. முன்னும் பின்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம்.

மே 20

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: நிழலுரு எல்லாம் ஒரே அளவுப் பெட்டியை நிரப்பும்படி வரைந்திருக்கும். 21 சதுர கிலோமீட்டர் உள்ள நவ்ருவும் ஒரு கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டர் உள்ள ரஷ்யாவும் ஒரே பருமன். அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மே 25

நீளமான குறிப்பு. எழுத வேண்டும் என்று பல நாளாக இருந்தது.

நான் தனியாக ஆடுவதில்லை. எங்கள் பெரியப்பாவோடுதான் ஆடுகிறேன். திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரித்தே காலம் கழித்தவர். ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் அவருக்கு நாக்கு நுனியில். தெருவில் யார் வீட்டுக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தாலும் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டுவார். ஹெல்வேஷியா என்றால் சுவிட்சர்லாந்து, சுவோமி என்றால் பின்லாந்து, மகயார் போஸ்டா என்றால் ஹங்கேரி என்று நான் ஆறாம் வகுப்பிலேயே அவரிடம் கற்றேன். ஒரு சிக்கல், அவர் மனதில் இருக்கும் உலகம் வேறு. அப்பர் வோல்டா என்பார். அது 1984-லிருந்து புர்கினா ஃபாசோ. தகோமி என்பார், 1975-லேயே பெனின் ஆகிவிட்டது. சுவாசிலாந்து என்று தட்டச் சொல்வார், 2018-லிருந்து எஸ்வாட்டினி. பட்டியலில் பெயர் வராது. ஆனால் இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவார். நான் அந்த இடத்தின் இன்றைய பெயரைத் தேடித் தட்டுவேன். இப்படி இருவரும் சேர்ந்தால்தான் ஒரு ஆட்டக்காரர்.

அவரிடம் ஒரு பூமி உருண்டை உண்டு. குறுக்களவு 30 சென்டிமீட்டர். தாங்கி உடைந்துபோனதால் பெரியம்மா பானைக்கு வைக்கும் பிரிமணைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் இன்னும் சோவியத் ஒன்றியம் இருக்கிறது, ஜெர்மனி இரண்டாக இருக்கிறது. 2011-ல் பிறந்த தெற்கு சூடான் அதில் இல்லை. தெற்கு சூடான் விடையாக வந்த அன்று எங்கள் நூல் சரியான இடத்தில்தான் விழுந்தது. உருண்டையில் அந்த இடத்தில் சூடான் என்று எழுதியிருந்தது. அதையே இரண்டு முறை போட்டுப் பார்த்தோம், ஒரு ஊகம் வீண்.

ஆமாம், நூல். நூல் வைத்துத்தான் ஆடுகிறோம். 30 சென்டிமீட்டர் உருண்டையின் சுற்றளவு 94 சென்டிமீட்டர் சொச்சம். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அப்படியானால் நூலில் ஒரு சென்டிமீட்டர் என்பது 425 கிலோமீட்டர். விளையாட்டு சொல்லும் எண்ணை 425-ஆல் வகுத்து, அத்தனை சென்டிமீட்டர் நூலை ஸ்கேலில் அளந்து பேனாவால் புள்ளி வைப்போம். நூலின் ஒரு நுனியை இந்தியாவின் நடுவில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, புள்ளி உள்ள இடத்தை அம்பு காட்டும் பக்கமாக அரைவட்டம் சுற்றுவோம். புள்ளி எந்தெந்த நாட்டைத் தொடுகிறதோ அவைதான் சந்தேகத்துக்கு உரியவை. இரண்டாவது நாட்டிலிருந்து இன்னொரு நூல். இரண்டு வளைவும் வெட்டும் இடத்தில் விடை.

போன வாரம் ஒருநாள் இந்தியா போட்டதும் மேற்கு அம்பு, 14,400 கிலோமீட்டர். 33.9 சென்டிமீட்டர் அளந்தோம். நூல் அரேபியாவையும் சஹாராவையும் தாண்டி அட்லாண்டிக்கைக் கடந்து தென்னமெரிக்காவின் வடக்கு விளிம்பில் போய் நின்றது. புள்ளி கயானாவின்மேல். கயானா போட்டேன். கிழக்கு அம்பு, 339 கிலோமீட்டர். உருண்டையில் அது 8 மில்லிமீட்டர், நகக்கண் அளவு. பக்கத்து நாடு சுரினாம். அதுதான் விடை.

"பரமரிபோ," என்றார் பெரியப்பா, தலைநகர்ச் சுற்று வருவதற்கு முன்பே. எழுந்து போய் ஆல்பத்தை எடுத்து வந்து நெதர்லாந்து ராணியின் தலை போட்ட சுரினாம் தபால்தலையைக் காட்டினார். 1975-ல்தான் அந்த நாடு நெதர்லாந்திடமிருந்து விடுபட்டது. 1873-லிருந்து நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே நிறையப் பேர். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் பகுதிகளிலிருந்து போனவர்கள். மூன்றே ஊகத்தில் முடிந்தாலும் அன்று காலை முழுக்க அந்தப் பேச்சிலேயே போயிற்று.

மே 27

சுரினாம் அன்று புள்ளி ஏன் கயானாவில் விழுந்தது என்று பெரியப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். இன்று காலை கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் எடுத்தது பூக்கட்டும் நூல், அது நெகிழும். ஸ்கேலில் தளர்வாக வைத்து அளக்கிறோம், உருண்டையில் இறுக்கிப் பிடிக்கிறோம். 34 சென்டிமீட்டரில் அரை சென்டிமீட்டர் நீண்டுவிடுகிறது. அரை சென்டிமீட்டர் என்றால் 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த நெகிழ்வில் சுரினாம் தப்பிக் கயானா வந்துவிட்டது.

"இழுக்காதடா, சும்மா படிய வையி," என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். இப்போது தையல் மிஷின் நூலுக்கு மாறிவிட்டோம்.

மே 28

பெங்களூரிலிருந்து ஒருவர்: "நூல், உருண்டை எல்லாம் வைத்து ஆடினால் அது அறிவா? ஏமாற்று இல்லையா?"

இதற்கு உடனே பதில் எழுத மனம் வரவில்லை. நியாயமான கேள்வி.

ஜூன் 1

நான்கு நாள் நூல் இல்லாமல் ஆடிப் பார்த்தேன். முதல் நாள் நிழலுருவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டாம் நாள் ஒரு தீவு. ஆறு ஊகமும் போயிற்று. மூன்றாம் நாள் ஐந்தாவதில். நான்காம் நாள் பெரியப்பாவே "நூலை எடு" என்றார்.

என் எண்ணம் இது. விடையைத் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பது ஏமாற்று. நாடுகளின் பெயரெழுதிய வரைபடத்தைத் திறந்துவைத்து நிழலுருவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் தேடுவது கண் மட்டும்தான். ஆனால் நூல் வைக்கும்போது விடையை வேறு யாரும் நமக்குச் சொல்வதில்லை. எண்ணும் திசையும் எல்லோருக்கும் கிடைப்பதுதான். அதிலிருந்து இடத்தை நாமே வரவழைக்கிறோம். நிழலுருவை ஞாபகத்தில் வைத்துச் சொல்வது ஒரு திறமை, அளந்து சொல்வது இன்னொரு திறமை. உருண்டையில் நாட்டுப் பெயர்கள் எழுதியிருக்கிறதே என்று அவர் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: படத்தை மறைத்துவிட்டு ஆடும் நாளில் மட்டும் நூல். படம் தெரியும் நாளில் உருண்டை துணி மூடிக் கிடக்கும்.

ஜூன் 2

சிட்னியில் இருக்கும் அக்கா மகளோடு சண்டை போடாத நாள் இல்லை. ஒவ்வொருவர் ஊரிலும் நள்ளிரவு ஆனால்தான் அங்கே புதுப் புதிர் திறக்கும். சிட்னியில் இப்போது நள்ளிரவு என்றால் நமக்கு இரவு ஏழரை. அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் கோடையில் ஆறரை. நாம் சாப்பிட உட்கார்வதற்கு முன்பே அவள் நாளைய புதிரை முடித்துவிட்டுக் குடும்பக் குழுவில் ஆட்டத்தின் முடிவைக் காட்டும் பச்சைக் கட்டங்களைப் போட்டுவிடுவாள். கட்டத்தில் விடை தெரியாது என்பது உண்மைதான். ஆனால் "மாமா, பாஸ்போர்ட்டே வேணாம், யாருமே இல்லாத ஊரு" என்று ஒரு வரி சேர்ப்பாள். போதாதா? மனிதர் நிரந்தரமாக வசிக்காத இடங்களும் பட்டியலில் இருக்கின்றன. நார்வேக்குச் சொந்தமான பூவே தீவு, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகள். அவள் ஒரு வரியில் 200 நாட்டை ஓரங்கட்டிவிட்டாள்.

உலகத்தில் முதலில் புதிர் திறப்பது கிரிபாட்டியின் கிழக்குத் தீவுகளில். 1995 ஜனவரி 1 அன்று அவர்கள் தேதிக்கோட்டையே தங்களுக்குக் கிழக்கே தள்ளிவிட்டார்கள். அதற்குமுன் ஒரே நாட்டின் ஒரு பாதியில் ஞாயிறு, மறுபாதியில் திங்கள். கிரிபாட்டியே புதிராக வரும்போது திரையில் சில தூசிப் புள்ளிகள்தான் தெரியும். முதன்முறை பார்த்தபோது கண்ணாடியைத் துடைத்தேன்.

ஜூன் 2, இரவு

அக்கா மகள் இதைப் படித்துவிட்டாள். இனி எங்களுக்கு விடிந்த பிறகுதான் போடுவாளாம்.

ஜூன் 5

முதல் ஊகமாக எதைப் போடலாம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நாங்கள் எப்போதும் இந்தியாதான். உருண்டையில் அந்தப் புள்ளி பழகிவிட்டது. இந்தியாவுக்கு நேர் எதிர்ப்புறம் பசிபிக் கடல், பெருவுக்கும் சிலிக்கும் மேற்கே வெகுதூரம். அங்கே நிலமே இல்லை. அதனால் இந்தியாவிலிருந்து தொடங்கினால் பூஜ்யம் சதவீதம் ஒருநாளும் வராது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகக் குறைவாக வருவது பிட்கெய்ர்ன் தீவுக்கு. 17,272 கிலோமீட்டர், 13 சதவீதம், கிழக்கு அம்பு. 1790-ல் பவுண்டி கப்பலின் கலகக்காரர்கள் போய் ஒளிந்த தீவு. இன்றும் அங்கே ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அதற்கு அடுத்தது பெரு, 15 சதவீதம்.

ஜூன் 8

மே 12 குறிப்பில் இந்தியாவின் புள்ளி "வர்தா பக்கம்" என்று எழுதியிருந்தேன். பக்கம் என்றால் எங்கே என்று ஒருவர் கேட்டார். பெரிய வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். வர்தா மாவட்டத்தில் ஹிங்கன்காட் என்ற ஊர். அங்கிருந்து புள்ளி கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர்.

அந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் பிடிபடவில்லை. சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. வில்லியம் லாம்டன் இறந்த ஊர். அவர் கல்லறையும் அங்கேதான்.

இந்தியாவை அளக்கத் தொடங்கியவர் அவர். 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலைப் பக்கம், சங்கிலி பிடித்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, மீதியைக் கோணம் பார்த்தே முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க அளந்துகொண்டு போவது திட்டம். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. மலை உள்ள இடத்தில் மலைமேல் ஏற்றினார்கள். நம் காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோவில்கள்மேல் ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி கோவில் சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு வளைந்தே போயிற்று. லாம்டன் அதை விட்டுவிடவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே நிமிர்த்தினார். அப்புறமும் அதே கருவியோடு அளந்துகொண்டே வடக்கே போனார். 1823 ஜனவரியில் ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், ஹிங்கன்காட்டில் இறந்தார். வேலையை அடுத்தவர்கள் இமயம் வரை கொண்டுபோனார்கள்.

தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத இடத்தைப் பிடிப்பது. நாங்கள் பிரிமணை உருண்டைமேல் செய்வதும் அதுதான். அவர் பார்த்தது கோணம், நாங்கள் பார்ப்பது தூரம். தினமும் காலையில் பெருவிரல் வைத்து நூலை அழுத்தும் இடத்துக்கு அவர் கல்லறை இவ்வளவு பக்கம் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று இருவருக்குமே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 30 சென்டிமீட்டர் உருண்டையில் 13 கிலோமீட்டர் என்பது ஒரு மயிரிழைகூடத் தேறாது. அதே இடம்தான்.

ஜூன் 9

பெரியப்பா உருண்டையில் அந்த இடத்தில் குண்டூசி குத்திவிட்டார். நூலில் ஒரு கண்ணி போட்டு ஊசியில் மாட்டிவிட்டால் விரல் தேவையில்லை. நழுவுவதும் இல்லை.

ஜூன் 10

பெங்களூர்க்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் உருண்டை இல்லையாம். பிள்ளையின் ரப்பர் பந்தில் கோடு போட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தாராம். பந்து சிறிது, அதனால் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் நாடே மாறிவிடுகிறது என்கிறார். பெரிய பந்து வாங்குங்கள்.

ஜூன் 14

முதலில் கேட்ட வாசகரிடமிருந்து இன்று காலை வந்தது. எப்போதும்போலப் படத்தை மறைத்து வைத்து, இந்தியா போட்டிருக்கிறார். கிழக்கு அம்பு, 17,272 கி.மீ., 13 சதவீதம். அடுத்தது நேராகப் பிட்கெய்ர்ன். இரண்டாவதிலேயே முடிந்தது.